வெளிநாட்டில் இளைஞர் பணிக்குத் தொண்டராகப் போகுமுன்: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு வெளிநாட்டுத் தொண்டர் என்றால் யார் என்று சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க அவர்கள் வந்தார்கள். சிலர் மரத்தடியில் பிள்ளைகளோடு இருந்து, ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுப் பழகி, ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு வேலையைப் பழக்கிவிட்டுப் போனார்கள். வேறு சிலர் கொண்டுவந்த நிகழ்ச்சியைக் கொண்டுவந்தபடியே நடத்தி, படம் எடுத்து, பதாகையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாங்கிய பக்கம் நின்றவர்களுக்குத்தான் தெரியும். இன்று நம் பிள்ளைகள் கொடுக்கும் பக்கத்துக்குப் போகிறார்கள், பிற நாடுகளில் சிறுவருக்கும் இளைஞருக்கும் நிகழ்ச்சி நடத்தும் தொண்டர்களாக. அவர்களுக்கு இருக்கும் முதல் தகுதி இந்த நினைவுதான். ஆயத்தத்தையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். கடதாசி வேலைக்கு மூன்று மாதம் போகும். மிச்ச மூன்று மாதம் பயிற்சிக்கு. பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் செய்து முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். போய் இறங்கியதும் இருபத்தைந்து பதின்ம வயதினர் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

எந்த வாசலால் போவது

ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம், அதாவது யு.என்.வி., 1970இல் ஐ.நா. பொதுச்சபையால் உருவாக்கப்பட்டது, தலைமையகம் ஜெர்மனியின் பொன் நகரில். சர்வதேச இளைஞர் தொண்டர் பிரிவுக்கு வயது 18 முதல் 26. 27 வயது முதல் என்றால் நிபுணர் பிரிவு; அதற்குக் குறைந்தது மூன்று வருட வேலை அனுபவம் கேட்பார்கள். மாதாந்த வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, காப்புறுதி, பயணச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. போட்டி கடுமை. ஆகவே அதே தளத்தில் உள்ள இணையவழித் தொண்டை முதலில் செய்யுங்கள். வீட்டிலிருந்தபடி வாரத்தில் சில மணி நேரம் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, பாடத்தாள் தயாரிப்பு என்று செய்யலாம். முடிவில் சான்றிதழ் கிடைக்கும், உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஒரு வெளிநாட்டுப் பொறுப்பாளரும் கிடைப்பார். பின்னால் அந்த ஆள்தான் அதிகம் உதவுவார்.

ஜெர்மனியின் வெல்ட்வேர்ட்ஸ் என்ற இளைஞர் தொண்டர் திட்டத்துக்கு இரண்டு திசை உண்டு: அங்கிருந்து வெளியே போவது, வெளியிலிருந்து அங்கே போவது. தெற்கு நாடுகளின், அதாவது நம்மைப்போன்ற வளரும் நாடுகளின், இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பணியாற்றும் பிரிவு 2013இல் தொடங்கியது. வயது 18 முதல் 28, காலம் பெரும்பாலும் ஒரு வருடம். அங்கே கூட்டாட்சித் தொண்டர் சேவையின் கீழ் பதிவாகி இளைஞர் நிலையம், சிறுவர் பள்ளி, மாற்றுத்திறனாளிகள் இல்லம் போன்ற இடங்களில் வேலை. தங்குமிடம், உணவு, கைச்செலவு, காப்புறுதி கிடைக்கும். வருடத்துக்கு 25 நாள் கருத்தரங்கும் உண்டு. தனியாள் நேரே விண்ணப்பித்து உள்ளே போவதல்ல இது. இங்குள்ள பங்காளி அமைப்பு ஒன்று உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். அடிப்படை ஜெர்மன் மொழியும் வேண்டும். கொழும்பில் கோத்தே நிலையத்தில் வகுப்பும் பரீட்சையும் இருக்கின்றன.

குறுகிய காலம் போதும் என்பவர்களுக்கு சர்வீஸ் சிவில் இன்டர்நாஷனல். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1920இல், சுவிஸ்காரரான பியேர் செரெசோல் பிரான்ஸின் வெர்டன் அருகே இடிந்த கிராமம் ஒன்றைக் கட்டியெழுப்ப நடத்திய முகாமில் பிறந்த அமைப்பு இது. இலங்கையிலும் கிளை இருக்கிறது. முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் தருவார்கள், விமானச் சீட்டு உங்கள் செலவு. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைச் சொல்வோம். மூன்று வாரத்தில் உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

ஒரு வகைப் பணிக்கு மட்டும் போகவேண்டாம்: அநாதை இல்லங்களில் சில வாரம் இருந்து சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை. ஒட்டிக்கொண்ட ஆள் மாதத்துக்கு ஒருவர் மறைந்துபோவது அந்தப் பிள்ளைகளுக்குக் காயம். பெற்றோர் இருக்கும் பிள்ளைகளையே தொண்டர்களின் காசுக்காக இல்லங்களில் சேர்ப்பதும் பல நாடுகளில் வெளிவந்திருக்கிறது.

மோசடியை வாசலிலேயே அடையாளம் காணுதல்

தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணையக் குற்ற முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகளின் செய்தி நமக்குத் தெரியும். ரஷ்யாவுக்கு என்று போய்ப் போர்முனையில் நின்றவர்களையும் தெரியும். "தொண்டர்" என்ற சொல்லையும் அதே ஆட்கள் பாவிக்கிறார்கள். அழைப்பு வந்தால் இவற்றைப் பாருங்கள்: வேலை விளக்கம் எழுத்தில் இருக்கிறதா, அமைப்பு அந்த நாட்டில் பதிவான இலக்கம் என்ன, முன்பு போன இருவருடன் நேரே பேச விடுவார்களா, பணம் கேட்டால் அது அமைப்பின் வங்கிக் கணக்குக்கா தனியாளின் கணக்குக்கா. சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றலாம் என்று சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

விசா விடயத்தில் நம்மவர்கள் அடிக்கடி இடறுவது ஒரே இடத்தில். சம்பளம் இல்லைத்தானே, அது வேலை ஆகாதுதானே என்று நினைக்கிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் அது வேலைதான். தாய்லாந்தில் சம்பளமில்லாத் தொண்டுக்கும் வேலை அனுமதி வேண்டும். பிரித்தானியாவுக்கு என்றால் அறப்பணியாளர் விசா என்று தனியாக ஒன்று உண்டு: அனுசரணைச் சான்று தரும் அமைப்பு ஒன்று வேண்டும், காலம் 12 மாதத்துக்கு மேல் போகாது, கையில் 1,270 பவுண் 28 நாள் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். விசாத் தாளில் வேலை என்ற சொல் எங்காவது இருந்தால், புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, பதிவு தேவையா என்று கேளுங்கள். கட்டுநாயக்காவில் குடிவரவு மேசைக்கு முன்னால் நின்று கேட்கும் கேள்வி அல்ல அது.

கடதாசிகள்: பெயரில்தான் சிக்கல்

தமிழில் உங்கள் பெயர் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது "த" என்ற எழுத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் "டி" மட்டும், சாதாரண தரச் சான்றிதழில் "டி எச்", அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அது முழுதாக. நமக்கு இது பழகிப்போன விடயம். வெளிநாட்டு அலுவலருக்கு இது நாலு ஆட்கள். ஆகவே முதல் வேலை: எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருகோணமலையை ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் "டிரின்கோ" என்று சுருக்கியும் எழுதியிருப்பதுகூடக் கேள்வியாக வரலாம்.

கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் அதிர்ஷ்டம். பிறப்புச் சான்றிதழை வைத்து எழுத்தை முடிவுசெய்து, இனி எல்லாவற்றையும் கடவுச்சீட்டின்படியே எழுதுங்கள். அழைப்புக் கடிதம், காப்புறுதி, விமானச் சீட்டு மூன்றும் கடவுச்சீட்டின் எழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வேறுபட்டுவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்திருங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். அது இல்லாமல் கொடுத்தால் அவர் தன் காதுக்குக் கேட்டபடி பெயரை எழுதுவார். காசும் இரண்டு கிழமையும் வீண்.

கடவுச்சீட்டுக்கு நமக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகம் வவுனியா. ஹொரவப்பொத்தானை வழியாகக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். நேரம் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். புகைப்படம் திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும்; அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள், அதைத் தொலைக்க வேண்டாம். பழைய கடவுச்சீட்டு இருந்தால், திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். ஒரு வருடப் பணிக்குப் போகிறவருக்கு அது ஒன்றரை வருடம்.

பரீட்சைச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்திய பிறகு வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்தும். அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால் இதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஒழுங்கை மாற்றிச் செய்தால் திருப்பி அனுப்புவார்கள்: முதலில் சான்றிதழ் கொடுத்த திணைக்களம், பிறகு கொன்சியூலர்.

பொலிஸ் கிளியரன்ஸ் இல்லாமல் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் வேலை செய்ய எந்த ஒழுங்கான அமைப்பும் விடாது. விண்ணப்பம் இணையவழி. குடியிருந்த முகவரிகளை இடைவெளி இல்லாமல் கேட்பார்கள். ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பொலிஸ் நிலையத்திடம் விசாரணை போகும். சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கம் 2006இல் இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரோடு இருந்து எந்த வருடம் எங்கே இருந்தது என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு எடுத்து வைத்தால் பின்னால் தடுமாற்றம் இராது. அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்கவும் வேண்டாம்: பழைய கிளியரன்ஸைப் பல தூதரகங்கள் ஏற்காது. விசாவுக்குக் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பு சரியான நேரம்.

வங்கிக் கூற்று கேட்டால் உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு கிழமைக்கு முன் நகையை அடைவு வைத்துப் பெரிய தொகையைக் கணக்கில் போடுவது நம்மூரில் வழமை. விசா அலுவலர் முதலில் பார்ப்பதே அந்த ஒரு வரியைத்தான். அப்பாவோ மாமாவோ செலவை ஏற்கிறார் என்றால் அவரின் கடிதத்தையும் ஆறு மாதக் கூற்றையும் வையுங்கள்.

சிபாரிசு தருபவர்கள் இருவர் வேண்டும், உறவினர் ஆகாது. முத்திரை குத்திய கடிதத்தைவிட, அழைத்தால் பதில் சொல்லும் ஆள் முக்கியம். அமைப்பு அவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிக் கேள்வி கேட்கும். அது வரப்போகிறது என்று அவருக்கு முன்பே சொல்லி, நீங்கள் எந்த மாதம் எத்தனை பேரோடு என்ன செய்தீர்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பதில் வராததாலேயே கைநழுவிய இடங்கள் உண்டு.

பயிற்சி: ஊரிலேயே பத்து நிகழ்ச்சி

மற்ற ஊர்க்காரருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள். மூதூரும் கிண்ணியாவும் சேருவிலவும் கோமரங்கடவெலவும் ஒரு பஸ் தூரம். மொழி தெரியாத பிள்ளைகள் முன் நிற்பதற்கு வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள இளைஞர் சேவை அதிகாரியைப் பாருங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் இளைஞர் கழகங்களில் 13 முதல் 29 வயதுவரை இருப்பார்கள். பத்து நிகழ்ச்சி நடத்த இடம் கேளுங்கள்: ஆறு உங்கள் மொழியில், நாலு மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சிங்களக் கழகம் ஒன்றில். பத்தும் முடிந்தபின் கடிதம் வாங்குங்கள். நேர்முகத்தில் இந்தப் பத்து நிகழ்ச்சியைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள்.

24 பேருக்கு 90 நிமிட நிகழ்ச்சி என்றால் இப்படிப் பிரிக்கலாம்: வரவேற்பும் பெயரும் 10 நிமிடம், ஓடி ஆடும் விளையாட்டு 20, நாலு பேர் கொண்ட ஆறு குழுவாக வேலை 25, குழுவுக்கு இரண்டு நிமிடமாகச் சொல்லிக்காட்ட 12, கலந்துரையாடல் 15, முடிவு 8. நேரம் போதாமல் போனால் எல்லோரும் வெட்டுவது கலந்துரையாடலை. வெட்டக்கூடாதது அது ஒன்றுதான். விளையாட்டு ஊரில் நாள்தோறும் நடக்கிறது. அதில் தான் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஒரு பிள்ளை யோசிப்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் மட்டும்தான். மூன்று கேள்வி போதும். என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? வீட்டிலோ பள்ளியிலோ இது மாதிரி எங்கே நடக்கிறது? கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறவாதீர்கள். அந்த மௌனம் தாங்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுவது புதியவர்களின் பெரிய பிழை.

விளையாட்டுக்கு இணையத்தில் தேடத் தேவையில்லை. கிளித்தட்டு இருக்கிறது: தரையில் கோடு கீறி, ஒரு பக்கம் மறிக்க மற்றப் பக்கம் கடந்துபோகும் விளையாட்டு. ஒரு கயிறு, ஒரு கட்டி சோக்கு, பக்கத்துக்கு ஆறேழு பேர், அவ்வளவுதான். கோட்டில் நின்று மறிப்பவர்கள் தங்கள் கோட்டைவிட்டு விலகக்கூடாது. மறிப்பவர்களின் தலைவனான கிளி மட்டும் நடுக்கோட்டாலும் ஓடலாம். ஒருவன் தனியாகப் புகுந்து தப்பினால் மட்டும் காணாது, மற்றவர்களுக்கும் வழி திறக்க வேண்டும். முடிந்ததும் கேளுங்கள்: யார் யாருக்காக மறிப்பவரைத் தன் பக்கம் இழுத்தீர்கள்? தலைமைத்துவம் பற்றி ஒரு மணி நேரம் பேசி வராத பதில் அங்கே வரும். கென்யாவிலும் ஜெர்மனியிலும் இந்த விளையாட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். போகுமுன் தரையில் கீறிப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். விளையாடத் தெரிந்த எல்லோருக்கும் விதியை விளக்கத் தெரியாது.

குழு பிரிக்கும்போது "நீங்களே சேருங்கள்" என்று சொன்னால் சிநேகிதர் சிநேகிதரோடும் பெண்பிள்ளைகள் ஒரு மூலையிலும் சேர்வார்கள். ஒன்று முதல் ஆறுவரை எண்ணச் சொல்லி, ஒரே எண் வந்தவர்களை ஒன்றாக்குங்கள். மூன்று பேர் மட்டும் பேசும் கூட்டத்தில் முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பேச. குழுவின் பெரிய டிமை தாளில் எழுதுவதை எப்போதும் ஒரே பெண்பிள்ளை செய்கிறாளா என்று பாருங்கள். எழுத்து அழகு என்று சொல்லி அவளை ஊமையாக்கிவிடுவோம். பெண்பிள்ளைகள் மூன்றாம் நாள் வரவில்லை என்றால் உங்கள் நிகழ்ச்சி சலித்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் காரணம் முடியும் நேரமும் கடைசி பஸ்ஸும்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கிண்ணியாவில் கூட்டம் வைக்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். போகும் ஊரில் அதற்குச் சமமானது எது என்பதை முதல் கிழமையிலேயே கேட்டறியுங்கள்.

மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வது தனிக் கலை. எல்லாம் இரண்டு தடவை சொல்லப்படுவதால் 90 நிமிடத்துக்கு 50 நிமிட விடயம்தான் கொள்ளும். திட்டத்தை முதல் நாளே அவர் கையில் கொடுங்கள். ஒரு மூச்சில் ஒரு வசனம், பத்துச் சொல்லுக்குள். பழமொழி, பகிடி வேண்டாம். மற்ற மொழியில் அவை உயிரோடு போய்ச் சேராது. கண் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரை அல்ல. "சம்மதம்", "உரிமை", "பங்கேற்பு" போன்ற நாலைந்து சொல்லுக்கு அந்த மொழியில் எதைப் பாவிப்பது என்று இருவரும் முன்பே பேசி முடிவெடுங்கள். சேருவிலவில் இந்தப் பிழைகளைச் செய்து திருந்துவது, வேறு நாட்டில் செய்வதைவிட எவ்வளவோ நல்லது.

பங்கேற்பு என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளர் ரொஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப்புக்காக எழுதியதில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படியும் பங்கேற்பே அல்ல என்றார்: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக்குவது, பெயருக்கு இருத்துவது. நம் பள்ளிகளில் விருந்தாளி வரும் நாளில் பாண்ட் வாத்தியமும் மாலையுமாக வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டாம் படி எது என்று விளங்கும். நீங்கள் போகும் இடத்திலும் உங்களுக்காகப் பிள்ளைகளை ஆடச்சொல்லி நிறுத்தலாம். அன்போடு ஏற்று, அடுத்த தடவை என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

முதலுதவிப் பயிற்சியை இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் கேளுங்கள். கடற்கரை, குளம், ஆறு என்று எந்த நீருக்கும் உயிர்காப்புப் பயிற்சி உள்ள ஆள் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை என்பதை ஒரு விதியாக்கிக்கொள்ளுங்கள். கடலோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த விதி அதிகம் வேண்டும், பயம் விட்டுப்போயிருப்பதால்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

நேர்முகத்தில் தவறாமல் வரும் கேள்வி: "ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்?" பொலிசுக்குப் போவேன், பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிப்பேன் என்ற பதில்கள் உங்களை வெளியே நிறுத்தும். செய்ய வேண்டியது இது:

1. கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல், இடைமறிக்காமல்.
2. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் காப்பாற்ற ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்" என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.
3. துருவிக் கேட்காதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. உங்கள் கேள்வியே பின்னால் வழக்கைக் கெடுக்கலாம்.
4. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, திகதி நேரத்தோடு எழுதுங்கள்.
5. அமைப்பின் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். வேறு ஒருவரிடமும் பேசாதீர்கள்.

இங்கே சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருப்பதுபோல் அந்த நாட்டிலும் ஒன்று இருக்கலாம். போய் இறங்கிய அன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

மூடிய அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு இருப்பதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு வாட்ஸப்பில் தனிப்பட்ட பேச்சு இல்லை; குழு வேண்டும் என்றால் உள்ளூர்ப் பொறுப்பாளரும் அதில் இருக்க வேண்டும். 18க்குக் கீழ்ப்பட்ட எவரோடும் பாலியல் உறவு, அந்த நாட்டுச் சட்டம் என்ன வயதைச் சொன்னாலும், தடை என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் 2003ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. 18க்கு மேல் என்றாலும் உங்கள் நிகழ்ச்சிக்கு வருபவரோடு காதல் வேண்டாம், அதிகாரம் உங்கள் பக்கம் இருப்பதால். படம் எடுக்கப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். படத்தோடு பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் போடவே கூடாது. நம் பிள்ளைகளின் அழுத முகங்கள் யார் யாருடைய பிரசுரங்களிலோ கேட்காமல் வந்தபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

உடம்பு

மலேரியாவை முதலில் சொல்கிறோம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. ஆகவே இன்றைய இளைஞருக்கு அந்தக் காய்ச்சலைத் தெரியாது. ஆபிரிக்கா, இந்தியா, பப்புவா நியூகினி என்று எங்கே போவதானாலும் மலேரியா தடை இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தடுப்பு மாத்திரை இலவசம். போகுமுன் தொடங்கி, அங்கிருக்கும் காலம் முழுவதும் எடுத்து, திரும்பி வந்தபின்னும் சொன்ன காலம்வரை தொடர வேண்டும். பல மருந்துகளுக்கு அது நாலு கிழமை. வீடு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழமையான பிழை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். அட்டை ஊசி போட்டுப் பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், பிறகு ஆயுள் முழுதும். பல கிழக்கு ஆபிரிக்க, மேற்கு ஆபிரிக்க நாடுகளுக்குப் போய்விட்டு அந்த அட்டை இல்லாமல் இலங்கைக்குத் திரும்பவும் சிக்கல். ஏற்புத் தடுப்பூசி, டைபாய்ட், ஈரல் அழற்சி ஊசிகள் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். பல்லைக் காட்டிவிட்டுப் போங்கள். பயணக் காப்புறுதியில் பல்லுக்குப் பெரும்பாலும் எதுவும் இராது. கண்ணாடி போடுபவர் இரண்டு சோடி கொண்டுபோக வேண்டும். மாத்திரைகள் அவற்றின் பெட்டியிலேயே, வைத்தியரின் சீட்டோடு. டுபாய் வழியாகப் போகிறவர்கள் டிரமடோல் போன்ற வலி மாத்திரைகளை முன் அனுமதியின்றிக் கொண்டுபோகவே கூடாது.

அமைப்பிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை

என் பொறுப்பாளர் யார், வாரம் எத்தனை மணி நேரம், ஓய்வு நாள் எது, தங்குமிடம் சாப்பாடு காப்புறுதி விசாக் கட்டணம் விமானச் சீட்டு ஒவ்வொன்றையும் யார் கட்டுகிறார், இடையில் நோயானாலோ வீட்டில் துக்கம் நடந்தாலோ திரும்பி வரும் செலவு யாருடையது. கடைசியாக மிக முக்கியமான கேள்வி: நான் போன பிறகு இந்த வேலையை யார் செய்வார்? அந்த ஆளின் பெயரை அவர்களால் சொல்ல முடியாவிட்டால், முதல் நாளிலிருந்தே உள்ளூர் இளைஞர் ஒருவரை உங்களோடு சோடியாகப் போடும்படி கேளுங்கள். முதல் மாதம் நீங்கள் நடத்த அவர் பார்ப்பார், நடுவில் இருவரும் சேர்ந்து, கடைசி மாதம் அவர் நடத்த நீங்கள் பின்வரிசையில். திட்டக் குறிப்புகள் அவருடைய மொழியில் இருக்கட்டும்.

பணத்தில், திரும்பி வரும் ஒரு சீட்டின் பெறுமதி எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா என்றால் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

புறப்பாடும் திரும்புதலும்

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆறு ஏழு மணி நேரம். வாடைக்காற்று மழைக்காலமான நவம்பர் முதல் ஜனவரிவரை பாதை வெள்ளத்தில் அறுபடலாம், ரயிலும் நிற்கலாம். ஒரு நாள் முன்னதாகப் போய் அங்கே தங்குங்கள். கைப்பையில் கடவுச்சீட்டு, அழைப்புக் கடிதம், காப்புறுதி, தடுப்பூசி அட்டை, பொறுப்பாளரின் தொலைபேசி எண், முதல் இரவு தங்கும் முகவரி ஆகியவை தாளில் இருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் வைத்தால் பற்றரி இறங்கியதும் கை வெறுமை. பெட்டியில் மிளகாய்த்தூள் ஒரு கிலோ போதும், இரண்டு மூன்று சுற்றுப் பையில் கட்டி. மாசி, கருவாடு, இறைச்சி வேண்டாம், பல நாடுகளின் சுங்கம் பறித்துவிடும்.

போன முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாதீர்கள், புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பிள்ளைகளின் பெயர்களைப் படியுங்கள். பள்ளி விட்டபின் அவர்கள் எங்கே கூடுகிறார்கள், யார் சொன்னால் கேட்கிறார்கள், யார் ஒருபோதும் வருவதில்லை என்று பாருங்கள். வராதவன் ஏன் வருவதில்லை என்ற பதிலில் உங்கள் ஆறு மாத வேலைத் திட்டம் இருக்கும்.

ஊர் திரும்பியபின் ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்கு என்று வீட்டிலேயே நினைத்துக்கொண்டு பரசிட்டமோலோடு இருந்துவிடாதீர்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது.